பூட்டிய ஏடுகளும் புறவாசல்களும்

எம் அரபுக் கல்லூரியில் ஆலிம் பட்டம் பெற்று, அதன்பின் பல்கலைக்கழகம் ஒன்றில் அரபு முதுகலையும் முடித்து, இப்போது கடலோர ஊர் ஒன்றின் மதரஸாவில் பாடம் நடத்திவரும் மாணவர் ஒருவர் ஹிஜ்ரி 1446 ஷவ்வால் மாதத்தில் என்னைக் காண வந்தார். இந்துமாக்கடற் கரையோரங்களில் ஷாஃபிஈ சட்டநூல்கள் எவ்வாறு பயிலப்பட்டன என்பது அவர் எடுத்துக்கொண்டுள்ள ஆய்வு. அவருடைய மடிக்கணினியில் இமாம் நவவீயின் 'மின்ஹாஜ்' இருந்தது. அதற்கு இப்னு ஹஜர் அல்-ஹைத்தமீ எழுதிய 'துஹ்ஃபா' என்னும் விரிவுரை இருந்தது. 'அல்-மக்தபத்துஷ் ஷாமிலா' என்ற இலவச மின்னூலகத்தின் வழியாக இன்னும் ஆயிரக்கணக்கான கிதாபுகள் இருந்தன. இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் இதே கிதாபுகளைப் பற்றி ஐரோப்பிய, அமெரிக்க ஆய்விதழ்களில் வெளிவந்த மூன்று கட்டுரைகளை அவரால் படிக்க இயலவில்லை. தலைப்பும் சுருக்கமும் திரையில் தெரிகின்றன. அதற்கு மேல் செல்ல வேண்டுமாயின் கட்டுரை ஒன்றுக்கு 30, 40 டாலர் கட்ட வேண்டும். மதரஸா ஆசிரியர் ஒருவரின் மாத ஊதியத்தில் அது எத்தனை பங்கு என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் கணக்கிட்டுக் காட்ட வேண்டியதில்லை.

"நண்பர் ஒருவர் ஒரு வழி சொன்னார், ஹஜ்ரத். கட்டுரையின் எண்ணைக் கொடுத்தால் பூட்டுத் திறந்துகொள்கிறதாம். அது ஆகுமா ஆகாதா என்று தெரியவில்லை. அதனால் தொடாமல் வைத்திருக்கிறேன்" என்றார்.

நான் உடனே விடை கூறவில்லை. ஒன்றைப் பற்றிய தீர்ப்பு, அது இன்னதென்று அறிந்த பின்னரே வர வேண்டும் என்பது எம் ஆசிரியர்கள் எமக்குக் கற்பித்த முறை. அந்தப் பூட்டு எப்போது வந்தது, யார் போட்டது, அதைத் திறக்கும் சாவிகள் எத்தனை வகை என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் கண்டவற்றை இங்கே தொகுத்துரைக்கிறேன்.

ஆய்விதழ் என்னும் அமைப்புக்கு வயது ஏறத்தாழ 360 ஆண்டுகள். 1665 ஜனவரியில் பாரிஸிலும், அதே ஆண்டு மார்ச்சு மாதம் இலண்டனிலும் முதல் இதழ்கள் வெளிவந்தன. இலண்டன் இதழை நடத்தியவர் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க். ஐரோப்பாவெங்குமுள்ள அறிஞர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை ஒன்று திரட்டி அச்சிட்டு அனைவருக்கும் அனுப்பினால் என்ன என்பதே அவருடைய எண்ணத்தின் மூலம். அதில் ஆதாயம் கிட்டும் என்றும் அவர் எதிர்பார்த்தார். அது பெரிதாகக் கிட்டவில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் அறிவுக் கழகங்கள் தம் இதழ்களைப் பெரும்பாலும் நட்டத்தில்தான் நடத்தின. அயல்நாட்டு நூலகங்களுக்கு அன்பளிப்பாகவும் மாற்றாகவும் அனுப்பின.

அக்காலத்தில் கட்டுரை எழுதியவருக்குப் பதிப்பகத்தார் பணம் தருவதில்லை, இன்றும் தருவதில்லை. அதற்குப் பதிலாக அவருடைய கட்டுரையை மட்டும் தனியே அச்சிட்டுச் சில பத்துப் பிரதிகள் தருவார்கள். அவற்றுக்குத் தனிப்படி என்று பெயர். இதழ் கிடைக்காத ஊரில் இருப்பவர் ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால் தனிப்படி வந்து சேரும். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர், இதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை மட்டும் தொகுத்து, கட்டுரையாசிரியர்களின் முகவரியோடு வெளியிடத் தொடங்கினார். அதன்பின் இவ்வட்டைகளின் போக்குவரத்து பெருகியது. கீழை நாடுகளின் ஆய்வகங்களில் அச்சடித்த வேண்டுகோள் அட்டைகள் கட்டுக்கட்டாக இருக்கும். பெயரையும் தலைப்பையும் நிரப்பி அஞ்சலில் சேர்க்க வேண்டியதுதான். கட்டணச் சுவரைக் கடக்கும் கருவிகளுள் மூத்தது இந்த அஞ்சலட்டையே என்பேன். கட்டுரையை எழுதியவர் அதை இலவசமாகவே தர விரும்புகிறார் என்ற ஓர் உண்மையின் மேல் அது நின்றது. பின்னர் வந்த கருவிகளை எடைபோடும்போதும் இவ்வுண்மையை மறத்தலாகாது.

சுவர் எழும்பியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர். அரசாங்கங்கள் ஆராய்ச்சிக்குப் பெரும்பணம் ஒதுக்கின. எழுதுவோர் தொகை பெருகியது. அறிவுக் கழகங்களின் பழைய இதழ்களால் அத்தனையையும் வெளியிட முடியவில்லை. அவ்விடைவெளியைக் கண்டுகொண்டவர்களுள் முதன்மையானவர், செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய ராபர்ட் மேக்ஸ்வெல். 1951இல் அவர் கைக்கு வந்த பெர்கமான் பதிப்பகம் துறைக்கொன்றாக இதழ்களைத் தொடங்கியது. இவ்வணிகத்தின் நுட்பம் எளியது. ஓர் இதழ் மற்றோர் இதழுக்கு ஈடாகாது; ஏனெனில் இதில் உள்ள கட்டுரை அதில் இராது. எனவே விலை ஏறினாலும் நூலகம் வாங்கியே தீர வேண்டும். எழுதுபவருக்குச் சம்பளம் பல்கலைக்கழகம் தருகிறது. கட்டுரையின் தகுதியை ஆராய்ந்து சொல்லும் சக அறிஞரும் பெரும்பாலும் ஊதியமின்றியே அப்பணியைச் செய்கிறார். முடிவில் அதே பல்கலைக்கழகம் தன் ஆசிரியர் எழுதியதை விலை கொடுத்து வாங்குகிறது. பெர்கமானை 1991இல் 44 கோடி பவுண்டுக்கு வாங்கிய டச்சு நிறுவனமான எல்சிவியரின் அறிவியல் பதிப்புப் பிரிவு, 2010இல் சுமார் 200 கோடி பவுண்டு வருவாயில் 72 கோடிக்கு மேல் இலாபம் ஈட்டியது. நூற்றுக்கு 36! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நூலகக் குழுவே 2012இல், ஆண்டுக்கு ஏறத்தாழ 37.5 இலட்சம் டாலர் சில பதிப்பகங்களின் இதழ்களுக்குச் செல்கிறது, இது தாங்காது என்று தன் ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதிற்று. செல்வம் மிகுந்த நூலகத்தின் நிலையே அதுவாயின் மற்றவற்றை என்னென்பது!

எனினும் அச்சிட்ட இதழ் இருந்தவரை ஏழை வாசகனுக்கு ஒரு வழி இருந்தது. நூலகத்துள் நுழைந்துவிட்டால் படிக்கலாம், நகலெடுக்கலாம். 1990களின் பிற்பகுதியில் இதழ்கள் மின்வடிவம் பெற்றபோது நேர்ந்த மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதுவரை நூலகம் இதழை விலைக்கு வாங்கியது. பொருள் அதற்குச் சொந்தம். இப்போது நூலகம் வாங்குவது பார்க்கும் உரிமை மட்டுமே. சந்தா நின்றால் உரிமையும் நிற்கும். ஃபிக்ஹின் மொழியில் கூறினால், பைஉ ஆக இருந்தது இஜாராவாக மாறிவிட்டது. வாடகைக்கு எடுத்த வீட்டில் விருந்தாளியைத் தங்கவைக்க உரிமையாளரைக் கேட்க வேண்டிய நிலை நூலகங்களுக்கு வந்தது. கணினிவலை எல்லோரையும் இணைத்துவிட்டது என்று உலகம் மகிழ்ந்த அதே ஆண்டுகளில், ஆய்வேடுகளைப் பொறுத்தவரை வெளியாருக்குக் கதவு முன்னிலும் இறுக்கமாகச் சாத்தப்பட்டது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் கட்டுரை எழுதுவோரே. 1991 ஆகஸ்டில் அமெரிக்க இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஒரு கணினியை நிறுவி, அச்சேறுமுன் கட்டுரைகளை அதில் இட்டு எவரும் எடுத்துக்கொள்ளச் செய்தார். 'ஆர்க்கைவ்' என்று இன்று வழங்கும் அக்களஞ்சியம் இயற்பியலாருக்கும் கணிதத்தாருக்கும் அன்றாட உணவு போல ஆகிவிட்டது. 1994இல் ஸ்டீவன் ஹார்னாடு என்னும் அறிஞர், எல்லாத் துறையினரும் இவ்வாறே செய்யலாமே என்று ஒரு முன்மொழிவை வைத்தார். பிரேசிலில் 1997இல் தொடங்கிய 'சையெலோ' திட்டம் பொதுப்பணத்தால் இலத்தீன் அமெரிக்க இதழ்களைக் கட்டணமின்றி வெளியிட்டுக் காட்டியது. சுவர் இன்றியும் இதழ் நடத்தலாம் என்பதற்கு அது சான்று. புடாபெஸ்ட் நகரில் கூடிய சிலர் 2002இல் வெளியிட்ட அறிக்கை 'திறந்த அணுக்கம்' என்ற கொள்கைக்குப் பெயரும் இலக்கணமும் தந்தது. ஆயினும் சமயவியல், வரலாறு, மொழி போன்ற நம் துறைகளில் இவ்வழக்கம் மெதுவாகவே பரவிற்று.

இந்த வரலாற்றில் துயரம் மிக்க பகுதி ஆரன் ஸ்வார்ட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞருடையது. 'ஜேஸ்டோர்' என்பது பழைய இதழ்களின் தொகுதிகளை மின்வடிவாக்கிக் காக்கும் அமைப்பு, 1995இல் தொடங்கியது, இலாப நோக்கமற்றது. கீழையியல் ஆய்வின் பழைய இதழ்கள் பலவற்றை இன்று நாம் காண்பது அதன் உதவியால்தான். ஸ்வார்ட்ஸ் அப்போது ஹார்வர்டில் ஆய்வுநல்கை பெற்றிருந்தார். ஜேஸ்டோரில் உள்ள எதையும் படிக்க அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் அவர் 2010 செப்டம்பர் முதல் எம்.ஐ.டி. நிறுவனத்தின் இணைப்பிலிருந்து, பிற்பாடு அங்குள்ள ஓர் ஒடுக்கறையில் வைத்த மடிக்கணினி மூலம், 40 இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகளை மொத்தமாகப் பதிவிறக்கினார். 2011 ஜனவரியில் கைதானார். எடுத்தவற்றை அவர் திருப்பித் தந்துவிட்டார். ஜேஸ்டோர் அத்துடன் விட்டுவிட விரும்பியது. அரசுத் தரப்பு விடவில்லை. 35 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள் என்று 2011 ஜூலையில் அறிவித்து, மறு ஆண்டில் குற்றச்சாட்டுகளை மேலும் பெருக்கியது. வழக்கு விசாரணைக்கு வருமுன், 2013 ஜனவரி 11ஆம் நாள், தம் 26ஆம் வயதில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அச்செயலை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் ஓர் இளைஞன் எவருடைய பொருளையும் விற்றுப் பிழைக்காத நிலையில், அளவுக்கு மிஞ்சிய தண்டனையின் நிழல் அவன்மீது இரண்டாண்டுகள் கவிந்திருந்தது என்பதை எண்ணும்போது உள்ளம் கனக்கிறது.

அவர் கைதான அதே 2011இல், செப்டம்பர் மாதம், கஸகஸ்தானில் பிறந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் என்னும் 22 வயது மாணவி 'சை-ஹப்' என்ற தளத்தைத் தொடங்கினார். நரம்பியல் படித்த அவருக்கு வேண்டிய கட்டுரைகளை அவர் பயின்ற இடத்தில் பெற முடியவில்லை என்பதே தொடக்கம். என் மாணவரின் நண்பர் சொன்ன வழி இதுதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. என்ற நிலையான எண் ஒன்றுண்டு. அதைக் கொடுத்தால், முன்பே சேமிப்பில் இருக்கும் படியைத் தளம் தரும். இல்லையேல் சந்தா செலுத்தும் ஏதேனுமொரு பல்கலைக்கழகத்தின் கடவுச்சொல்லைக் கொண்டு பதிப்பகத்திலிருந்து எடுத்துத் தந்துவிட்டு, ஒரு படியைச் சேமிப்பிலும் வைத்துக்கொள்ளும். பல கட்டுரைகள் இவ்வாறே ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2017 மார்ச்சில் கணக்கிட்டபோது, எண் பெற்ற 8 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் நூற்றுக்கு 69 அங்கே இருந்தன. சந்தா இதழ்களின் கட்டுரைகளை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 85. உலகில் எந்த ஒரு நூலகமும் இதற்கு நிகராக வாங்கி வைத்திருக்க முடியாது.

படித்தவர்கள் யார்? 'சயன்ஸ்' இதழ் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, ஆறு மாதங்களில் வந்த 2 கோடியே 80 இலட்சம் வேண்டுகோள்களில் ஈரான், இந்தியா, சீனா ஆகியவை முன்னணியில் நின்றன. ஈரானைப் பற்றி ஒரு சொல். பொருளாதாரத் தடைகளால் அந்நாட்டார் பணம் கட்ட விரும்பினாலும் கட்டுவது கடினம். ஆனால் வியப்பு என்னவெனில், சந்தா செலுத்தும் அமெரிக்கப் பல்கலைக்கழக நகரங்களிலிருந்தும் வேண்டுகோள்கள் குவிந்தன. நூலகத்தின் வழி செல்வதைவிட இது எளிது என்பதே காரணம்போலும். ஆகவே இதனை ஏழைகளின் தளம் என்று மட்டும் கூறிவிட்டு நகர்வது உண்மையாகாது.

பதிப்பகங்கள் வாளாவிருக்கவில்லை. எல்சிவியர் தொடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் 2017இல் 1 கோடியே 50 இலட்சம் டாலர் இழப்பீடு விதித்தது, எல்பாக்யான் நேர்நிற்கவில்லை, பணமும் வசூலாகவில்லை. 2020 டிசம்பரில் மூன்று பதிப்பகங்கள் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகின. இங்கே அவர் வழக்கறிஞர் வைத்து வாதாடினார். வழக்கு முடியும்வரை அப்பதிப்பகங்களின் புதிய கட்டுரைகளைச் சேர்ப்பதில்லை என்று வாக்கும் தந்தார். நான்கரை ஆண்டுகள் வழக்கு நீண்டது. அவ்வாக்கு மீறப்பட்டது என்று கண்டு, 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் இந்தியாவில் அத்தளத்தைத் தடைசெய்ய ஆணையிட்டது. என் மாணவர் கேள்வி கேட்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

நாட்டின் சட்டம் கூறியது இது. ஆயினும் நம் நாட்டுச் சட்டத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகல் கடை ஒன்றின்மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கில், பாடத்துக்கெனப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது குற்றமன்று என்று அதே உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆய்வு உள்ளிட்ட தனிப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. ஒருவர் தம் ஆய்வுக்கு ஒரு படி எடுப்பது வேறு. உலகத்து இதழ்களையெல்லாம் அள்ளி வைப்பது வேறு என்பதே நீதிமன்றங்களின் நோக்கு எனக் கொள்ளலாம்.

ஷரீஅத்தின் நோக்கு யாது? முந்திய தலைமுறை உலமாக்களில் ஒரு சாரார், அச்சுரிமை என்பது கையிற் பிடிக்கத்தக்க பொருளன்று, எனவே அதனை விற்றலும் தடுத்தலும் கூடா என்றனர். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாதமியின் ஐந்தாம் அமர்வு, நூலாக்க உரிமை முதலியவை இக்கால வழக்கில் விலைமதிப்புப் பெற்றுவிட்டன, அவை ஷரீஅத்தின் காப்புக்குரியவை, அவற்றின் மீது அத்துமீறல் கூடாது என்று முடிவு செய்தது. இம்முடிவு பெரும்பாலும் நூலாசிரியனையும் அவனுடைய உழைப்பையும் கண்முன் கொண்டு எழுந்தது. ஆய்விதழ்க் கட்டுரையிலோ உழைத்தவன் கூலி பெறவில்லை. கையெழுத்திட்டு உரிமையைப் பதிப்பகத்துக்கு மாற்றித் தந்துவிட்டான். ஒப்பந்தம் ஒப்பந்தமே, அதை நிறைவேற்றுதல் கடமை. இரவல் வாங்கிய கடவுச்சொல் அமானிதம். அதை வேறொருவருக்குப் பயன்படுத்துவது அமானித மோசடி. ஆகவே சை-ஹப்பின் வழி ஆகும் என்று என் மாணவரிடம் கூற எனக்குத் துணிவு வரவில்லை. அதே வேளையில், வரிப்பணத்தால் நடந்த ஆய்வுக்கு 40 டாலர் கேட்கும் பதிப்பகத்தின் செயலை நீதி என்று கூறவும் நாக்கு எழவில்லை. ஹிஜ்ரி 616இல் மர்வு நகரை விட்டு நீங்கிய யாகூத் அல்-ஹமவீ, அங்குள்ள நூலகங்களிலிருந்து ஒரே சமயத்தில் 200க்கும் மேற்பட்ட தொகுதிகளைப் பெரும்பாலும் ஈடு ஏதுமின்றித் தம் இருப்பிடத்துக்கு எடுத்துவந்ததை 'முஃஜமுல் புல்தான்' நூலில் நன்றியோடு பதிந்துள்ளார். அந்த வக்ஃபுகளின் வாரிசுகள் நாம் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். நம் அரபுக் கல்லூரிகளில் எத்தனை, தம் பழைய மலர்களையேனும் கணினியில் ஏற்றி எவரும் படிக்க வைத்திருக்கின்றன? பூட்டு வெள்ளையர் வீட்டில் மட்டும் இல்லை.

மூன்றாவது ஒரு வகைக் கருவியும் உண்டு. அது பூட்டை உடைப்பதில்லை. திறந்திருக்கும் வேறு வாசலைக் காட்டுகிறது. பதிப்பகத்துக்கு உரிமையை மாற்றித் தந்த ஆசிரியரும், அச்சுக்கு ஏற்கப்பட்ட தம் கையெழுத்துப் படியைத் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைத்துக்கொள்ளப் பல ஒப்பந்தங்கள் இடம் தருகின்றன. பலர் வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று வாசகனுக்குத் தெரிவதில்லை. ஹெதர் பிவோவர், ஜேசன் பிரீம் ஆகிய இருவர் 2017இல் வெளியிட்ட 'அன்பேவால்' என்னும் கருவி இக்குறையைத் தீர்த்தது. கணினியின் உலாவியில் அதனைச் சேர்த்துவிட்டால் போதும். கட்டணம் கேட்கும் பக்கத்தைத் திறந்தவுடன், அக்கட்டுரையின் முறையான இலவசப் படி எங்கேனும் இருப்பின் ஓரத்தில் திறந்த பூட்டொன்று பச்சையாகத் தோன்றும். அதைத் தட்டினால் கட்டுரை வரும். அவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இக்கருவியைப் பயன்படுத்தியோர் தேடிய கட்டுரைகளில் நூற்றுக்கு 47 இவ்வாறு முறையாகவே கிடைக்கத்தக்கவை என்று கண்டனர். ஏறத்தாழ பாதி! ஜேஸ்டோரும் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் தனியார்க்கு மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்க இடம் தருகிறது. இதனை அறியாமலே நம் ஆய்வாளர்கள் பலர் மலைத்து நிற்கின்றனர்.

நம் அரசும் ஒரு பெருமுயற்சி செய்துள்ளது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்படி, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300க்கும் அதிகமான அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் திறக்கப்பட்டன. வரவேற்கத்தக்கதே. ஆனால் அது சுவரை இடிக்கவில்லை. சுவருக்கு உள்ளே இருப்போரின் தொகையைக் கூட்டியது. தனியார் அறத்தில் நடக்கும் மதரஸாவின் ஆசிரியர் இன்னும் வெளியேதான் நிற்கிறார். மேனாட்டிலோ, வாசகனிடம் வாங்காமல் எழுதுபவனிடம் கட்டணம் வாங்கும் முறை பரவுகிறது. 'நேச்சர்' இதழ் 2021இல் அதற்கு நிர்ணயித்த தொகை 9,500 யூரோ. வாசலில் நின்ற காவலன் உள்ளே சென்று அடுக்களையில் நிற்கிறான்.

மூன்று கட்டுரைகளுக்கு வருகிறேன். மாணவரும் நானும் சேர்ந்தமர்ந்து தேடினோம். முதற் கட்டுரைக்குப் பச்சைப் பூட்டுத் தோன்றியது. அதை எழுதியவர் பணியாற்றும் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் அவரே வைத்த படி இருந்தது. இரண்டாவதற்கு அவ்வாறு ஏதும் கிடைக்கவில்லை. அந்த ஆசிரியருக்கு மாணவர் தம் ஆய்வை விளக்கி நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதினார்; பழைய அஞ்சலட்டைதான், வடிவம் வேறு. இரண்டு நாளில் கட்டுரையும், அதனோடு இன்னும் அச்சேறாத மற்றொரு கட்டுரையும் வந்தன. காயல்பட்டினத்து ஏட்டுச்சுவடிகளைப் பற்றி அவர் திருப்பி மூன்று கேள்விகளும் கேட்டிருந்தார். மூன்றாவது கட்டுரையின் ஆசிரியர் காலமாகிவிட்டார். அவர் எந்தக் களஞ்சியத்திலும் படி எதனையும் வைத்துச் செல்லவில்லை. பதிப்பகத்துக்கு எழுதினோம், விலைப்பட்டியல் வந்தது. மாணவரின் ஆய்வேட்டில் அந்த இடத்தில் அடிக்குறிப்பு எண் இருக்கிறது. குறிப்பு இன்னும் எழுதப்படவில்லை.